மாடியில் பூண்டு: தழை நன்றாக வருகிறது, கிழங்கு பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

ஆவடி மாடி

எல்லோருக்கும் வணக்கம். ஆவடியில் மொட்டை மாடியில் க்ரோ பேக் வைத்துக் கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை எல்லாம் வளர்க்கிறோம். அவற்றில் குறை எதுவும் இல்லை. சின்ன வெங்காயம்கூட ஓரளவு எடுத்திருக்கிறோம். பூண்டு மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டில் ரசம், புளிக்குழம்பு, பிள்ளை பெற்ற தங்கைக்குப் பூண்டுக் குழம்பு என்று வாரத்துக்கு அரை கிலோ ஆகிறது. விலை ஏறும்போது கிலோ 400 ரூபாயைத் தொட்டதும் நினைவிருக்கும். அதனால்தான் இந்த ஆசை.

மளிகைக் கடைப் பூண்டில் முளை விட்டிருந்த பற்களாகப் பார்த்துப் பிரித்து, பொங்கல் முடிந்ததும் ஊன்றினேன். செம்மண், தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஒரே வாரத்தில் எல்லாம் முளைத்துவிட்டன. தழை முழங்கை நீளத்துக்கு வந்தது, நல்ல கரும்பச்சை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மீன் அமிலம் கொடுத்து வந்தேன். சித்திரை வெயிலில் நுனி காய ஆரம்பித்தது. சரி, அறுவடைக்கு வந்துவிட்டது என்று ஒரு பையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் தடித்த வெள்ளைத் தண்டுதான் இருக்கிறது. சில செடிகளில் சுண்டைக்காய் அளவில் ஒரே ஓர் உருண்டை. பல்லாகப் பிரியவே இல்லை.

கடைப் பூண்டில் முளைக்காமல் இருக்க மருந்து அடிக்கிறார்கள், அதனால்தான் கிழங்கு வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். எனக்கு அது பொருந்தி வரவில்லை, முளைத்ததே! சென்னைப் பக்கம் பூண்டு வருமா, வராதா? வரும் என்றால் எந்த மாதம் ஊன்ற வேண்டும்? வெளிநாட்டு விதை வாங்கினால் சரியாகுமா? அண்ணன் கனடாவில் இருக்கிறார், அடுத்த முறை வரும்போது எடுத்து வரச் சொல்லலாம் என்றும் ஒரு யோசனை.

கவுண்டம்பாளையம்

கோவையில் எனக்குக் கிழங்கு வருகிறது, ஆனால் சின்னது. நெல்லிக்காய் அளவு, உள்ளே நாலைந்து பல். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரிப் பூண்டு வரும், அதில் பெரிய பல்லாகப் பொறுக்கிக் கார்த்திகையில் ஊன்றுவேன். தை மாதம்வரை எங்களுக்கு ராத்திரிக் குளிர் கொஞ்சம் உண்டு, அது உதவுகிறது என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு அப்புறம் ஊன்றியது உங்களுக்குக் கட்டாயம் தாமதம். ஆவடியில் அப்போதே வெயில் ஏற ஆரம்பித்துவிடும்.

பூம்பாறைக்காரி

தம்பி, உங்கள் மண்ணிலும் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. செடிக்குக் குளிர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் எந்த மாதம், எந்த விதை என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

நான் பிறந்தது கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை. வாக்கப்பட்டு வந்தது பெரியகுளம். அங்கே வயல் பூண்டையும் பார்த்து வளர்ந்தேன், இங்கே கீழே வெயிலில் பையில் வைத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கவுஞ்சி என்று எங்கள் பக்கம் படிப்படியாக வெட்டிய காடுகளில் பூண்டுதான் பணப்பயிர். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண், மழை, காட்டுக் காற்று என்று அதற்குப் பல காரணம் சொல்வார்கள். ஆனால் பூண்டு கிழங்கு வைப்பதற்கு முதல் காரணம் குளிர்.

பூண்டுப் பல்லோ இளஞ்செடியோ சில வாரங்கள் 10 டிகிரிக்குக் கீழே, அல்லது அதை ஒட்டிய குளிரில் இருந்தாக வேண்டும். அந்தக் குளிரை வாங்கிய பிறகுதான் செடியின் நடுக்குருத்துக்குப் பக்கத்தில் பக்கமொட்டுகள் உண்டாகும். அந்த மொட்டு ஒவ்வொன்றும் பிறகு ஒரு பல்லாகப் பருக்கும். குளிர் போதவில்லை என்றால் செடி தழை விட்டுக்கொண்டே போகும், கடைசியில் வெயில் ஏறியதும் ஒற்றை உருண்டையாக முடித்துக்கொள்ளும். நீங்கள் கண்ட சுண்டைக்காய் அதுதான். அதை நோய் என்று நினைத்துவிடாதீர்கள். மொட்டு பிரியாத பூண்டு, அவ்வளவே.

இதோடு பகல் நீளமும் சேர்ந்து வேலை செய்யும். பகல் நீளுவதும் வெப்பம் ஏறுவதும்தான் கிழங்கைப் பருக்க வைக்கும். அதனால் "தமிழ்நாட்டில் பகல் நீளம் போதாது, பூண்டு வராது" என்று சிலர் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஒப்ப மாட்டேன். கொடைக்கானலும் திண்டுக்கல்லும் பூமியில் கிட்டத்தட்ட ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் பகல் நீளம் ஒன்றே, மார்கழியில் ஏறக்குறைய பதினொன்றரை மணி, ஆனியில் பன்னிரண்டே முக்கால். மேலே பூண்டு விளைகிறது, கீழே விளையவில்லை. வித்தியாசம் உயரம் மட்டும்தான். உயரம் என்றால் குளிர். மன்னவனூர்ப் பக்கம் மார்கழி, தையில் புல் எல்லாம் உறைபனி பூத்து வெளுத்துக் கிடக்கும். குளிரை நிறைய வாங்கிய பூண்டுக்குப் பகல் நீளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, கிழங்கு வைத்துவிடும்.

அப்படியென்றால் ஆவடிக்கு வழி என்ன? விதைக்கு முன்கூட்டியே குளிரைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் போதும்.

புரட்டாசி பிறந்ததும் முழுப் பூண்டாக, பிரிக்காமல், ஒரு காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, பல் செத்துப்போகும். குறைந்தது ஆறு வாரம், எட்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. வாரம் ஒரு தடவை பையைத் திறந்து பார்த்து, மெத்தென்று ஆனதை எடுத்துவிடுங்கள். கார்த்திகை பிறந்ததும் எடுத்து, அன்றைக்கே பல் பிரித்து, அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். வெளியே எடுத்து ஒரு வாரம் சமையலறையில் வைத்தீர்கள் என்றால் வாங்கிய குளிர் வீணாகும். வெப்பம் அதைத் திருப்பிப் பிடுங்கிவிடும். அதனால்தான் ஊன்றியதும் முதல் சில வாரம் மதிய வெயில் படாத இடமாகவோ பச்சை வலைக்குக் கீழோ வைக்கச் சொல்கிறேன். தை பிறந்ததும் முழு வெயிலுக்கு மாற்றிவிடுங்கள்.

உங்கள் ஊரில் கார்த்திகையில் இன்னொரு தொல்லை உண்டு, மழை. பூண்டு பசி தாங்கும், அடியில் தண்ணீர் நிற்பதைத் தாங்காது. பை அடியில் ஓட்டை நிறையப் போடுங்கள், செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடைமழை நாளில் தார்ப்பாய் ஏதாவது போட்டு மூடுங்கள். தேங்காய் நார்க் கழிவு மூன்றில் ஒரு பங்கு என்பது மழைக்காலத்துக்கு அதிகம். அதைப் பாதியாக்கி, ஆற்று மணலோ பொடித்த செங்கல் தூளோ சேருங்கள். ஊன்றுமுன் பற்களை டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைப் பொடி) கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு எடுப்பது நல்லது, அடி அழுகல் குறையும். கிழங்கின் வெளிச்சுற்றில் இருக்கும் தடித்த பற்கள்தான் விதைக்கு ஆகும். நடுவில் இருக்கும் ஒல்லிப் பற்களைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோலை உரிக்காமல், கூர்முனை மேலே பார்க்க, ஒரு விரல்கணு ஆழம். பல்லுக்குப் பல் ஒரு சாண் வேண்டாம், அரைச்சாண் போதும்.

மீன் அமிலம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது தழைச்சத்து. முதல் ஒன்றரை மாதம் கொடுங்கள், தழை எவ்வளவு தடியாக வருகிறதோ அவ்வளவுக்குக் கிழங்கு பருக்கும். அதன் பிறகு நிறுத்திவிட வேண்டும். கடைசிவரை கொடுத்தால் செடி இலை விடுவதிலேயே நிற்கும், பக்கத்தில் வேண்டாத துளிர்களும் வெடிக்கும். நிறுத்திய பிறகு விறகுச் சாம்பல் ஒரு பிடி, அவ்வளவே. மண் கலக்கும்போதே பைக்கு ஒரு தேக்கரண்டி ஜிப்சம் சேர்த்தால் கந்தகச் சத்து கிடைக்கும், பூண்டின் காரமும் மணமும் அதில்தான் இருக்கிறது. மாசியில் இலையில் வெள்ளி நிறத்தில் கோடு கோடாகத் தெரிந்தால் இலைப்பேன் என்று அர்த்தம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள்.

பங்குனி முதல் பாதியில் இலையில் பாதி மஞ்சளாகும். அதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து நிறுத்துங்கள். இழுக்காதீர்கள், மண்ணைக் கெல்லி எடுங்கள். தழையோடு நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று வாரம் காய வேண்டும். எங்கள் அம்மா வீட்டில் தழையைப் பின்னி அடுப்புக்கு மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். புகை ஏறிக் காய்ந்த பூண்டு அடுத்த நடவுவரை கெடாது. மாடி வீட்டில் அதற்கு வழியில்லை, வலைப்பையில் போட்டுச் சமையலறைச் சன்னலோரம் மாட்டினால் போதும்.

பக்கத்து வீட்டு அம்மா சொன்ன மருந்துக்கு வருகிறேன். அறுவடை செய்த பூண்டுக்கு இயல்பாகவே இரண்டு மூன்று மாத உறக்கம் உண்டு. அந்தச் சமயத்தில் ஊன்றினால் முளைக்காது அல்லது ரொம்பத் தாமதமாக முளைக்கும். அதைப் பார்த்துத்தான் மருந்து என்கிறார்கள். நம் கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத் பூண்டு. மாசி, பங்குனியில் அறுவடையாவது. புரட்டாசியில் அது உறக்கம் கலைந்து தயாராக இருக்கும். அவர்கள் நிலத்தில் குளிர்காலத்து ராத்திரி நன்றாகக் குளிரும், அதனால் அங்கே ஃப்ரிட்ஜ் வேலை தேவைப்படுவதில்லை. நம் நீலகிரிப் பூண்டையே விதைக்காக அங்கிருந்து வந்து மேட்டுப்பாளையத்தில் வாங்கிப் போகிறார்கள். மலையில் விளைந்த நல்ல விதைக்கு அவ்வளவு மதிப்பு.

ஆவடி மாடி

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. ஒரே கோட்டில் கொடைக்கானலும் திண்டுக்கல்லும் என்று சொன்னது நன்றாகப் பதிந்துவிட்டது. இரண்டு சந்தேகம். மீதிப் பைகளில் இருக்கும் அந்த ஒற்றை உருண்டைகளைச் சமையலுக்குப் போட்டுவிடலாமா, இல்லை விதைக்கு ஆகுமா? மலைப்பூண்டு விதை எங்கே வாங்குவது? இங்கே மலைப்பூண்டு என்று எழுதி வைத்து விற்பதெல்லாம் உண்மையான மலைப்பூண்டா என்றே தெரியவில்லை.

ஸ்காபரோ பின்வளவு

வணக்கம் தம்பி. உங்கட அண்ணன் கனடாவில் என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நான் ரொறன்ரோவில், ஸ்காபரோ. சொந்த ஊர் சாவகச்சேரி. ஊரில் உள்ளி, அதுதான் நீங்கள் சொல்கிற பூண்டு, கடையில் வாங்குகிற சாமான், வீட்டு வளவில் ஒருவரும் நட்டு நான் கண்டதில்லை. இங்கே வந்து நட்டுப் பார்த்தால் இதைப் போல லேசான பயிர் வேறு இல்லை. ஒக்டோபர் நடுவில் பல்லை ஊன்றி, மேலே காய்ந்த மேப்பிள் இலையைத் தடிப்பாய்ப் பரப்பி விடுவேன். பிறகு சினோ (பனி) கொட்டி மூடிவிடும். ஏப்ரலில் தானாக இலை குத்திக்கொண்டு வரும். யூன் மாதம் நடுவில் சுருண்ட பூந்தண்டு வரும், அதை முறித்துச் சுண்டினால் நல்ல ருசி. முறிக்காமல் விட்டால் கிழங்கு சிறுத்துப்போகும். யூலை கடைசியில் கிண்டி எடுக்கிறது.

ஆனால் இந்த விதையை ஆவடிக்குக் கொண்டுபோக வேண்டாம். இங்கே பெரும்பாலும் நடுகிறது பூந்தண்டு விடுகிற வகை. நான் நடுகிற மியூசிக் என்ற ரகத்தில் நாலு, ஐந்து பல்லுத்தான், ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு. அது நீண்ட பனிக்காலத்துக்கும் நீண்ட பகலுக்கும் பழகினது. இங்கே யூன் மாதத்தில் பகல் பதினைந்தரை மணித்தியாலம் வரும். பூம்பாறை அக்கா சொன்ன கணக்கில் பார்த்தால், எட்டுக் கிழமை பிரிட்ஜில் வைத்தாலும் மிச்சப் பகலை நீங்கள் எங்கேயிருந்து எடுக்கிறது? அதுவும் இல்லாமல், நடுகிற கிழங்கு, விதை எதையும் பெட்டிக்குள் வைத்து நாடுவிட்டு நாடு கொண்டுபோக ஏலாது, சோதனைச் சான்றிதழும் அனுமதியும் வேணும். உள்ளி பல்லோடு மண்ணில் பல வருசம் இருக்கிற பூஞ்சை, நூற்புழு எல்லாம் சேர்ந்து வரும். ஒரு வளவில் புகுந்தால் பிறகு அந்த வளவில் வெங்காயமும் சரிவராது. அக்கா சொன்ன மலைப்பூண்டுதான் உங்களுக்குப் பொருத்தம்.

கவுண்டம்பாளையம்

கனடா அண்ணா சொன்னது ரொம்பச் சரி. எனக்கும் ஒருவர் வெளிநாட்டுப் பல் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அக்கா, இந்த வருடம் நானும் ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்க்கிறேன். பாதிப் பையில் குளிரில் வைத்தது, பாதிப் பையில் வைக்காதது என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பூம்பாறைக்காரி

அப்படியே செய்யுங்கள் தம்பி, பையில் மறக்காமல் எழுதி ஒட்டிவிடுங்கள். பங்குனியில் எடைபோட்டுச் சொன்னால் எல்லோருக்கும் உதவும்.

ஆவடித் தம்பிக்கு: அந்த ஒற்றை உருண்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள், சமைக்கவும் வேண்டாம். அவை நல்ல விதை. நிழலில் காயவைத்து எடுத்து வைத்து, புரட்டாசியில் மற்றப் பூண்டோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர் கிடைத்தால் அடுத்த முறை அதுவே பல்லாகப் பிரியும். உங்கள் மாடி வெயிலில் ஒரு பருவம் தாக்குப்பிடித்த விதை என்பதால் கடையில் வாங்குவதைவிட அதை நான் மேலாகவே நினைப்பேன். பூண்டுக்கு விதை கட்டுவது கிடையாது, பல்லேதான் விதை. வருடா வருடம் பெரிய கிழங்காகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு வந்தால் அது மெல்ல உங்கள் இடத்துக்குப் பழகும். மேல்மலையில் எங்கள் ஆட்கள் தலைமுறையாகச் செய்ததும் இதைத்தான். நல்ல விலை கிடைக்கிறது என்று முழுவதையும் விற்றுவிட்டு அடுத்த போகத்துக்கு வெளி விதை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. விதையைக் கையில் வைத்திருக்கிறவரைக்கும்தான் அது நம் பூண்டு.

மலைப்பூண்டு வாங்க எனக்குத் தெரிந்த இடம் வடுகபட்டிச் சந்தை, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல்மலைப் பூண்டு அங்கேதான் வந்து இறங்கும். அவ்வளவு தூரம் வர முடியாது என்றால், கொடைக்கானல் போகிற யாரிடமாவது சொல்லி விவசாயியிடமே வாங்கி வரச் சொல்லுங்கள். உண்மையான மலைப்பூண்டு பளிச்சென்ற வெள்ளையாக இருக்காது, லேசான மஞ்சள் ஓடும், அளவிலும் ஒன்றுபோல இருக்காது. சராசரியாக ஒரு கிழங்கு 20 முதல் 30 கிராம். நசுக்கினால் காரம் மூக்கில் ஏறும். புகைபோட்டது என்றால் மேல்தோலில் புகை வாடை இருக்கும். புத்தம் புதிதாக ஈரத்தோடு இருப்பது விதைக்கு ஆகாது, உறக்கம் கலையாது. அறுத்து மூன்று மாதமாவது ஆனதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் அரை கிலோ செலவாகும் வீட்டுக்கு மாடிப் பூண்டு முழுதும் ஈடு கட்டாது. எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு பையில் எட்டு பல் ஊன்றி எலுமிச்சை அளவில் எட்டுக் கிழங்கு எடுக்கலாம், பெரியகுளத்தில் எனக்கு வருவது அதுதான். ஆனால் தழைக்காகப் பூண்டு போடுவதாக இருந்தால் உங்கள் ஊருக்கு அதைவிட நல்ல பயிர் கிடையாது. அதற்குக் குளிரும் வேண்டாம், பருவமும் வேண்டாம், சமையலறையில் முளைத்துப்போன பல்லையே நெருக்கமாக ஊன்றலாம். ஒரு மாதத்தில் அறுக்கலாம், மூன்று நான்கு தடவை துளிர்க்கும். தழைப் பையைத் தனியாக வையுங்கள், கிழங்குக்கு வைத்த செடியில் இலை கிள்ளவே கூடாது, ஒவ்வோர் இலையும் கிழங்குக்குப் போய்ச் சேர வேண்டிய சாப்பாடு. தழையைப் பொடியாக அரிந்து உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளியோடு நல்லெண்ணெயில் வதக்கித் துவையல் அரைத்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற தங்கைக்கு மட்டும் மிளகாய்க்குப் பதில் மிளகு வைத்து அரையுங்கள்.